கரையாத இந்துப்பு

கண்ணாடி அலமாரியைத் திறந்ததும் முதலில் அந்துருண்டை வாசமும், அதன் பின்னாலேயே பல்லி செத்த வாசமும் வரும். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் ஏழாவது படித்த பள்ளியில் அதற்கு "மியூசியம்" என்று பெயர். மைக்காத் தகடு, சுண்ணாம்புக்கல், அய்யனார் கோவில் ஓடையில் பொறுக்கிய வெள்ளைக்கல், ஃபார்மலினில் ஊறும் ஒரு பாம்பு, இவற்றுக்கு நடுவே கொய்யாப்பழ அளவில் ரோஜா நிற இந்துப்புக் கட்டி ஒன்று. நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த அப்பாவிடம் கெஞ்சி வாங்கிக் கொடுத்தது. கீழே அட்டையில் 'அன்பளிப்பு' என்று என் பெயர். படித்து எந்தப் பலகையிலும் பெயர் ஏறப்போவதில்லை என்று அப்போதே தெரிந்திருந்ததால், அந்த அட்டையைத் தினமும் போய்ப் பார்த்துக்கொள்வேன்.

ஆயுத பூசை வந்தது. தறியும் லாரியும் தராசும் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்கிற ஊரில் மியூசியம் மட்டும் அழுக்காக இருக்கலாமா என்று, அறிவியல் வாத்தியார் இரண்டு நாள் முன்னதாகவே எல்லாக் கற்களையும் "ஊறட்டும்" என்று அண்டாத் தண்ணீரில் போட்டுவைத்தார். பூசையன்று எல்லாக் கற்களும் பளபளவென்று வெளியே வந்தன, என்னுடையதைத் தவிர.

"கரைஞ்சு போச்சு சார்" என்றேன்.

"கல்லு எங்கனயாச்சும் கரையுமாலே? குடுத்தத நீயே தூக்கிட்டுப் போயிட்டுக் கதையா விடுத?"

வகுப்பே சிரித்தது. அண்டாத் தண்ணீரை நக்கிக் காட்டலாமென்று ஓடினால், அதற்குள் குரோட்டன்ஸ் செடிகளுக்கு ஊற்றிவிட்டிருந்தார்கள். அவை கருகி எனக்குச் சாட்சி சொன்னபோது கேட்க ஆளில்லை.

அப்பாவைப் பள்ளிக்கு வந்து வாத்தியாரிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். அவர் பொட்டலம் கட்டுவதை நிறுத்தவில்லை. "உப்பு கரையும்னு எனக்குத் தெரியாதா? அவிய சுக்கும் திப்பிலியும் நம்ம கடையிலதான் வாங்குதாவ. பேசாம இருலே."

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னால் காலியிடம் உறுத்தியிருக்க வேண்டும்; ரோட்டோரம் கிடந்த ஒரு கருங்கல் ஜல்லியை எடுத்துவந்து வாத்தியார் என் அட்டைக்கு மேல் வைத்தார். "உப்புக் களவாணி" என்ற பட்டம் மட்டும் பள்ளி முடியும்வரை கூடவே வந்தது.

இப்போது ராஜபாளையத்தில் இருக்கிறேன். போன மாதம் பழைய மாணவர் கூட்டத்துக்குப் போனேன். மருந்துக் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. அப்பா இல்லை, வாத்தியார் இல்லை, பாம்புகூட இல்லை. ஜல்லி இருந்தது, சந்தனப் பொட்டோடு.

"நீங்க குடுத்த இந்துப்பு சார். எம்புட்டுப் பத்திரமா வச்சிருக்கோம் பாத்தீங்களா?" என்றார் இளம் ஆசிரியை.

"இது ஜல்லிம்மா. உப்புன்னா தண்ணியில கரைஞ்சிருக்கும்."

"அதெப்படி சார்? வருசா வருசம் ஆயுத பூசைக்கு நாந்தான கழுவுறேன். இம்புட்டுகூடக் கரையலையே."

போட்டோ எடுக்கவேண்டுமென்று அதை என் கையில் கொடுத்தார். அவர் செல்போனைத் தேடிய நேரத்தில், இத்தனை வயசுக்கு மேல் செய்யக்கூடாததுதான், ஒருமுறை நாக்கில் வைத்துப் பார்த்தேன். சந்தனம். உப்பு துளிகூட இல்லை.