இருபத்துநாலு மணி நேர சிறுநீரோடு ஓசூர் வரை

போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் சாமல்பட்டியிலிருந்து ஓசூர் போனது ஊர் பார்க்க அல்ல. என் முகம் வீங்கிக்கொண்டே வந்தது. கார்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோன் சிறுநீரில் மிக அதிகம் என்றது பக்கத்து டவுன் லேப். சுரப்பியில் கட்டி இருக்கலாம், ஆபரேஷன்கூட வரலாம் என்றார் டாக்டர். நான் நம்பவில்லை. ரிப்போர்ட்டில் ஒரு நாள் சிறுநீரின் மொத்த அளவு சரியாக 2000 மில்லி; அதை வைத்துத்தான் கார்டிசாலைக் கணக்கிடுகிறார்கள். நான் கொடுத்தது ஒன்றரை லிட்டர்கூட இருக்காது. அளக்காமலே எழுதியிருக்கிறார்கள்!

வேறு லேப், புதுக் கேன். வெள்ளி காலை ஆறு மணிக்கு முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு, மறுநாள் ஆறு மணி வரை சொட்டு விடாமல் சேர்த்தேன். கேனை ஐஸ் பையில் வைத்து, மாற்றிவிடுவார்களோ என்று மூன்று பக்கமும் பெயர் எழுதினேன்.

ஏழு பத்துக்குப் பஸ். கிருஷ்ணகிரியில் மாறினால் ஓசூர் இன்னும் ஐம்பது கிலோமீட்டர். டிக்கெட் போட வந்த கண்டக்டர் பையைப் பார்த்தார்.

"கேன்ல என்னாக்கா? பெட்ரோலா?"

"இல்லீங்க. டெஸ்டுக்கு மூத்திரம்."

நம்பாமல் மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். லேபில் மஞ்சுளா என்ற பெண் இருந்தாள். அளக்கும்போது பக்கத்திலேயே நிற்பேன் என்றேன்.

"நில்லுங்கக்கா, நல்லதுதான்."

1380 மில்லி. எழுதிக்கொண்டே, நான் முட்டியைத் தேய்ப்பதைப் பார்த்துக் கேட்டாள்: "முட்டிவலிக்கு ஏதாச்சும் சாப்புடுறீங்களாக்கா?"

"நாட்டு மருந்துப் பொடி. வெறும் வேருதாம்மா."

"சிலதுல ஸ்டீராய்டு கலந்துடறாங்கக்கா. சாதா டெஸ்டு அதையும் கார்டிசால்னு எண்ணிக்கும். எங்க மெஷின் மூலக்கூறோட எடைய வச்சு ரெண்டையும் தனியா பிரிச்சுக் காட்டிடும்."

லேப்காரர்கள் ஒருவரையொருவர் காப்பாற்றத்தான் பொடிமேல் பழி போடுகிறார்கள் என்று நினைத்தபடியே ஊர் திரும்பினேன்.

எட்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது. என் சொந்தக் கார்டிசால் மிகக் குறைவு; கூடவே வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டு. கட்டி என்ற சந்தேகத்தை டாக்டர் கைவிட்டார்; முகம் வீங்கியதும் பொடியில் கலந்த ஸ்டீராய்டால்தான் என்றார். ஆனால் உடம்பு சொந்தமாகச் சுரப்பதைக் குறைத்துவிட்டதால், பொடியைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாம். மாத்திரை கொடுத்து மெல்லத்தான் குறைக்க வேண்டுமாம்.

கேனோடு கிளம்புகிறவர்களுக்கு: அளவை நின்று பாருங்கள். எந்த முறையில் சோதிக்கிறார்கள் என்று கேளுங்கள். பொடி, லேகியம் எதையும் மறைக்காதீர்கள்.

அதே பொடியை நான்தான் எங்கள் அண்ணிக்கும் வாங்கிக் கொடுத்திருந்தேன். போனில் சொன்னால் கேட்கமாட்டார் என்று நேரில் போனேன். கதவைத் திறந்தவரின் முகம் உப்பியிருந்தது. "நல்லா சதை போட்டுட்டீங்க அண்ணி" என்று பொங்கலன்று அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னவள் நான்தான்.