மூன்று விடுதிகளும் ஒரு ஜோடிச் செருப்பும்

புதன்கிழமை காலை பெரியபட்டினத்தில் நாங்கள் பையைத் தூக்கியபோது மாமி, என் கணவரின் அம்மா, கேட்டார், "ராமேஸ்வரத்துக்குப் போயிட்டுச் சாயந்தரமே வந்துரலாமே. எதுக்கு மூணு ராத்திரி?"

நியாயமான கேள்விதான். எங்கள் ஊரிலிருந்து இராமநாதபுரம் இருபது கிலோமீட்டர் போல. அங்கிருந்து இராமேஸ்வரம் ஐம்பத்தைந்து. ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் ஆகிற செலவில் ஒரு கிலோ மட்டன் வாங்கிவிடலாம் என்பது மாமியின் கணக்கு. காலையில் போய் மாலையில் திரும்புகிற ஊரில் போய்க் காசு கொடுத்துப் படுக்கிற ஆள் எங்கள் தெருவில் யாரும் கிடையாது.

"ஓட்டல் பாக்கப் போறோம் மாமி" என்றேன்.

"ஓட்டல்ல பாக்க என்ன இருக்கு?" என்றார் மாமி. எங்கள் மகள் பாத்திமா சிரித்தாள். அவளை மாமியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

விஷயம் இதுதான். என் கணவர் காதர் மாலத்தீவில் ஒரு சொகுசு விடுதியில் ஹவுஸ்கீப்பிங் வேலையில் பதினாறு வருஷமாக இருக்கிறார். ஒரு தீவு முழுக்க ஒரே விடுதி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார், போவார். இது 2006 பிப்ரவரி. இந்தத் தடவை வந்தபோது, கடற்கரையை ஒட்டி எங்களுக்கு இருக்கிற ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பில் ஆறு காட்டேஜ் கட்டினால் என்ன என்று ஒரு யோசனையோடு வந்தார். அது ஓடும் என்றால் இங்கேயே இருந்துவிடுவார். ஓடாது என்றால் திரும்பிப் போக வேண்டியதுதான். சனிக்கிழமைக்குள் பதில் சொல்லும்படி அங்குள்ள மேனேஜர் சொல்லியிருந்தார். என் அண்ணன், "கடலோரத்துல காசு போடுறது கடல்லயே போடுறதுதேன்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். மூன்று விலையில் மூன்று இடத்தில் தங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றது நான். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவர் திரும்பிப் போகக் கூடாது. அதை வாய்விட்டுச் சொன்னால் கட்டாயப்படுத்துகிற மாதிரி ஆகிவிடும் என்று சொல்லாமல் வந்தேன்.

இராமநாதபுரத்தில் பஸ் ஏறினோம். தலைக்குப் பதினெட்டு ரூபாய். மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியதும் உள்ளே இருந்த எல்லாரும் எழுந்து ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். கடலைப் பார்த்தே வளர்ந்த நானும் சாய்ந்தேன். இவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். "தெனமும் பாக்குறதுதான புள்ள" என்றார். சரி, வேலை பார்க்கிற இடத்தைப் பற்றியாவது சொல்லுங்கள் என்றேன்.

"தோட்டத்துப் பக்கம் ரூம் நூத்தம்பது டாலர். மணலோரம்னா முந்நூறு. தண்ணிக்குள்ள தூண் நட்டுக் கட்டுனது அறுநூறு" என்றார்.

"மெத்தை எல்லாத்துலயும் ஒண்ணுதான மச்சான்?"

"மெத்தை ஒண்ணுதேன். சோப்பு கொஞ்சம் பெருசு."

"பெறகு எதுக்கு நானூத்தம்பது டாலர் கூட?"

"பக்கத்துல யாரும் இல்லாம இருக்க."

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லாமல் இருக்க நான் பதினாறு வருஷமாக ஒரு பைசா கொடுத்ததில்லை என்றேன். பஸ் பாலத்தைக் கடந்து தங்கச்சிமடத்தில் நின்றது.

முதல் இடம் இராமேஸ்வரம் மேலரத வீதியில் ஒரு லாட்ஜ். இரண்டு பேருக்கு இருநூற்றைம்பது ரூபாய். புர்காவோடு நின்ற என்னைப் பார்த்தும் பார்க்காமலும் மேனேஜர், "தீர்த்தமாட வந்தீகளாம்மா? இருபத்திரண்டு கிணத்துக்கும் சேத்து ஆள் ஏற்பாடு பண்ணித் தரவா?" என்று வாய்ப்பழக்கத்தில் கேட்டார். கேட்ட பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். நாங்கள் மூன்று பேருமே சிரித்துவிட்டோம்.

அறையில் இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு வாளி, உப்புத் தண்ணீர். இவர் நேராகப் போய் மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு விரிப்பின் மூலைகளை மடித்து உள்ளே சொருகினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே விட்டுவிட்டுப் படுத்தோம்.

காலை நான்கு மணிக்கே நடையில் ஆள் நடமாட்டம். விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுக் கதவைத் திறந்தால் நடை நெடுகச் செருப்பு. எல்லாரும் வெறுங்காலோடு கோயிலுக்குப் போய்விட்டார்கள். இவர் படிவரை ஒரு நடை நடந்து வந்து, "பதினெட்டு ரூம்ல பதினாறுல ஆளு இருக்கு" என்றார். எப்படித் தெரியும் என்றேன். செருப்பைக் கையால் காட்டினார்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறைக்காரர்கள் சொட்டச் சொட்ட நனைந்து வந்தார்கள். சிக்கல் என்ற ஊரிலிருந்து வந்த விவசாயக் குடும்பம், ஐந்து பேர். ஈரத்தோடு சாமி பார்க்க விடமாட்டார்கள் என்பதால் உடை மாற்றிக்கொண்டு திரும்பவும் போக வேண்டும். அந்த அம்மா நடையில் குறுக்கே கயிறு கட்டி ஐந்து பேர் துணியையும் காயப்போட்டார். கயிறு வீட்டிலிருந்தே கொண்டுவந்தது.

"லாட்ஜுல கயிறு தரமாட்டாகளா?" என்றேன்.

"எங்கன தாராக? போன தடவை பெரிய ஓட்டல்ல எடுத்துட்டு, ஈரச்சேலையை ஏசி ரூமுக்குள்ள நாற்காலியில போட்டோம். வையி வையினு வஞ்சாக. படுக்க ஒரு எடம், துணி காய ஒரு கயிறு. அம்புட்டுத்தேன் வேணும்" என்றார். பேசிக்கொண்டே ஒரு தட்டில் புளியோதரை கொண்டுவந்து கொடுத்தார். மதியம்வரை எங்களுக்கு வேறு சாப்பாடு தேவைப்படவில்லை.

வியாழக்கிழமை இரண்டாவது இடம், அதே ஊரில் கடல் பக்கமாக நான்கு மாடி ஓட்டல். ஏசி அறை தொள்ளாயிரம் ரூபாய். எங்களை இறக்கிவிட்ட ஆட்டோக்காரர் உள்ளே போய் எதையோ வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். இவர் தயங்காமல், "எம்புட்டுண்ணே?" என்றார். அவரும் தயங்காமல், "ரூமுக்கு நூறு. கொண்டாந்து விட்டாத்தான தருவாக" என்றார். தொள்ளாயிரத்தில் நூறு போயிற்று என்று இவர் முணுமுணுத்துக்கொண்டே படி ஏறினார்.

கடல் தெரியும் என்று சொன்னார்கள். தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலில் பக்கத்துக் கட்டிடத்து ஜெனரேட்டர், அதற்குப் பின்னால் கடல். ஏசி என்பதால் ஜன்னலைத் திறக்க முடியாதபடி திருகி வைத்திருந்தார்கள். அலைச் சத்தம் கேட்கவே இல்லை. இவர் டீ குடித்த தட்டைத் தானே கொண்டுபோய் வெளியே வைத்தார், மேசையைத் துடைத்தார். பாதி வாசல்களில்தான் செருப்பு கிடந்தது. தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் இடம் கிடைக்காது, மற்ற நாளில் இப்படித்தான் என்று மேனேஜர் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது இடம். பாம்பன் பக்கம் தெற்குக் கடலைப் பார்த்த ரிசார்ட். ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். பாம்பனிலேயே இறங்கி இவர் ஜும்ஆ தொழுதுவிட்டு வர, அதன்பின் போய்ச் சேர்ந்தோம். ஒரு இரவுக்கு மூவாயிரத்து ஐந்நூறு, காலைச் சாப்பாடு சேர்த்து, வரி தனி. தென்னை மரங்களுக்கு நடுவில் ஓலை வேய்ந்த பன்னிரண்டு காட்டேஜ். கடலுக்குப் பத்தடி தூரத்தில் ஒரு நீச்சல்குளம். கடலை வைத்துக்கொண்டு குளம் எதற்கு என்று நான் கேட்க, "கடலு உப்பு" என்றார் இவர், அங்கே சொல்லிப் பழகிய பதிலை.

வரவேற்பில் குளிர்ந்த துண்டு கொடுத்தார்கள், முகம் துடைக்க. நான் துடைத்தேன். இவர் அதை வாங்கி, நான்காக மடித்து, தட்டில் முதலில் இருந்தபடியே வைத்துவிட்டார். பதினாறு வருஷமாக நீட்டிய கைக்கு வாங்கத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயில் என்று சொல்லி இன்னொரு தடவை முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

இடம் அழகுதான், இல்லை என்று சொல்ல முடியாது. கட்டிலில் படுத்தால் கடல் தெரிந்தது. சத்தமும் கேட்டது. மெத்தை மாவு மாதிரி இருந்தது. அறையைப் பார்த்துக்கொண்டவர் அருள் என்பவர், தங்கச்சிமடத்துக்காரர், முப்பது வயது இருக்கும். அவர் வருவதற்குள் இவர் படுக்கையை விரித்து முடித்திருந்தார். அருள் நின்று பார்த்துவிட்டு, "சார் நம்ம லைனா?" என்று கேட்டார். இருவரும் வெளித்திண்டில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். சனி, ஞாயிறில்தான் ஆள். மதுரை, கோயம்புத்தூர், பெங்களூர்க்காரர்கள். மற்ற நாளில் பன்னிரண்டில் மூன்று நிறைந்தால் பெரிது. டீசல், குளத்துக்கு நல்ல தண்ணீர் லாரி, பாங்க் கடன். முதலாளிக்கு மதுரையில் வேறு தொழில் இருப்பதால் ஓட்டுகிறார் என்றார் அருள்.

மாலையில் இவர் காட்டேஜ்களைச் சுற்றி ஒரு நடை போய் வந்தார். "எந்த வாசல்லயும் செருப்பு இல்ல. நம்ம ரெண்டு ஜோடிதேன் கெடக்கு" என்றார். மற்றவர்கள் செருப்போடு உள்ளே போகிறவர்கள் என்றேன். அதுவும்தான், ஆளும் இல்லை என்றார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே, "ஆறு காட்டேஜ் நமக்கு ஆகாது புள்ள. கடன் வாங்கிக் கட்டி, தோப்பையும் விட்டுட்டு நிப்போம். நாளைக்கு போன் போட்டு வாரேன்னு சொல்லிர்றேன்" என்றார்.

நான் எழுந்து உள்ளே போய்ப் படுத்தேன். அந்த மெத்தையில் என்னால் தூங்க முடியவில்லை, மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் வீண்.

சனிக்கிழமை சுபுஹு தொழுதுவிட்டுக் கதவைத் திறந்தவர், "ரஹ்மத்து, என் செருப்பு ஒண்ணக் காணோம்" என்றார். என்னுடையது அப்படியே இருந்தது. அவருடையதில் இடது கால் இல்லை. அருள் ஓடி வந்தார். "நாயி தூக்கியிருக்கும் சார். இங்கன யாரும் வெளிய விடமாட்டாக, அதான் நாங்களும் சொல்லல."

"மாலத்தீவுல நாயே கெடையாது. அந்த நெனப்புலயே விட்டுட்டேன்" என்றார் இவர்.

மூவரும் கரையோரமாகத் தேடிக்கொண்டே போனோம். தாழம்புதர் பக்கம் கிடந்தது, வார் அறுந்து, குதிகால் கடித்துத் தின்னப்பட்டு. அருள் அதைக் கையில் எடுத்துத் தட்டிக்கொண்டே கேட்டார், "சார், மாலத்தீவுல எனக்கு ஒரு வேலை வாங்கித் தர முடியுமா? இங்கன ரெண்டாயிரத்து ஐந்நூறுதேன் தாராக."

"கல்யாணம் ஆயிருச்சா?" என்றார் இவர்.

"ஆறு மாசம் ஆச்சு சார்."

"வேணாம் தம்பி" என்றார். உடனே சொல்லிவிட்டார், யோசிக்கவே இல்லை.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அருள் பக்கத்தில் நிற்கிறார் என்பதையும் பார்க்காமல் கேட்டேன். "ஆறு மாசக் கல்யாணத்துக்கு வேணாம்னா, பதினாறு வருசத்துக்கு மட்டும் வேணுமா? நீங்க போன மறுநாளு இந்தச் செருப்ப எடுத்துப் பரண்ல போடுறது யாரு? தெருவுல போறவுக வாசலப் பாத்தே தெரிஞ்சுக்கிறாக, இந்த வீட்டுல ஆம்பள இல்லைனு. எனக்கு ஒங்க ஆறு காட்டேஜும் வேணாம். நீங்க போகக் கூடாது. அம்புட்டுத்தேன்."

அருள் செருப்பைக் கீழே வைத்துவிட்டு மெல்ல நகர்ந்து போனார். இவர் ஒற்றைச் செருப்போடு மணலில் நின்றார். "இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்றார்.

"கேட்டாத்தான சொல்ல."

காலைச் சாப்பாட்டில் பக்கத்து மேசையில் கோயம்புத்தூர்த் தம்பதி, முந்தின ராத்திரி நேரம் கழித்து வந்து சேர்ந்தவர்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "நீங்க இந்தப் பக்கமாங்க? கடலோரத்துல இருக்கறோம், மீனு கேட்டா ஃப்ரீசர்ல இருந்து எடுக்கறாங்க. வீட்டுச் சமையல் எங்காச்சும் கிடைக்குமாங்க?" என்று கேட்டார். ஏர்வாடி தர்காவுக்குப் போய்விட்டு ஊர் திரும்புவதாக வேறு சொன்னார். ஏர்வாடிக்குப் போகிற வழியில் கொஞ்சம் உள்ளே திரும்பினால் எங்கள் வீடு என்றேன். அவர்கள் அன்றைக்கே மதியம் வந்து ஊளிமீன் குழம்பும் பொரித்த மீனும் சாப்பிட்டார்கள். தோப்பில் பாய் விரித்து ஒரு மணி நேரம் தூங்கவும் செய்தார்கள். மாமி காசு வாங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தப் பெண் பாத்திமா கையில் இருநூறு ரூபாயைத் திணித்துவிட்டுப் போனார்.

அவர்கள் வருவதற்கு முன், ஊர் திரும்பும் வழியில் பாம்பன் கடைத்தெருவில் இறங்கினோம். இவருக்கு நூற்றிருபது ரூபாயில் ஒரு தோல் செருப்பு எடுத்தேன். "இருக்கப்போறது கொஞ்ச நாளு, ரப்பர் செருப்பு போதும்" என்று வழக்கமாகச் சொல்கிறவர், இந்தத் தடவை காலை நீட்டி அளவு பார்த்தார். பஸ்ஸில் கணக்குப் போட்டோம். ஏசி கிடையாது, குளம் கிடையாது, கடன் கிடையாது. ஆறு காட்டேஜுக்குப் பதில் தோப்பில் மூன்று அறை. திறக்கிற ஜன்னல், துணி காயக் கயிறு, வீட்டு மீன்குழம்பு. ஒரு இரவுக்கு நானூறு ரூபாய். "நாய் தூக்காத மாதிரி செருப்புக்கு ஒரு பலகை" என்றார் இவர். பாலத்தில் பஸ் ஏறியபோது அவரும் எழுந்து ஜன்னல் பக்கம் சாய்ந்தார்.

மாலையில் மேனேஜரிடம் போனில் பேசினார். நான் அடுப்படியில் இருந்தேன். மாலத்தீவுப் பேச்சு எனக்குப் புரியாது. பேசி முடித்து வந்து, "சொல்லிட்டேன்" என்றார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

இதை எழுதும்போது ஒரு அறைக்கு மட்டும் சுவர் எழும்பியிருக்கிறது. ஓடுமா ஓடாதா என்று இப்போதும் தெரியாது. அண்ணன் இன்னமும் தலையில் அடித்துக்கொள்கிறார். மூன்று விடுதியில் எது கொடுத்த காசுக்குத் தகும் என்று கேட்பவர்களுக்கு, மேலரத வீதி லாட்ஜைச் சொல்வேன், கயிற்றை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோய்விடுங்கள்.

அவர் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறியிருக்க வேண்டிய நாளுக்கு மறுநாள் காலை, எதிர்வீட்டு லாத்தா, எனக்கு அக்கா முறை, தண்ணீர்க் குடத்தோடு எங்கள் வாசலில் நின்றார்.

"என்ன ரஹ்மத்து, மச்சான் போகலையா? செருப்பு கெடக்கு?"

"ஆமா லாத்தா" என்றேன். "கெடக்கும்."