கம்பெனியின் முறை நாள்

எங்கள் ஊருக்கு ஆலை வரப்போகிறது என்று யாரும் வந்து சொல்லவில்லை. திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகிற சாலையில், எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கில், ஒரு வெள்ளைக் கார் மூன்று நாள் தொடர்ந்து வந்து நின்றது. அவ்வளவுதான். இறங்கியவர்கள் ஒரு முக்காலியில் கருவியைப் பொருத்தி, என் மல்லிகைத் தோட்டத்துக்கு அப்பால் எதையோ குறிபார்த்தார்கள். யாரிடமும் வழி கேட்கவில்லை, குடிக்கத் தண்ணீர் கேட்கவில்லை.

"ஒண்ணுமே கேக்காம நிக்கிறான்னா, எல்லாத்தையும் வேற எங்கயோ கேட்டு முடிச்சுட்டு வந்துருக்கான்னு அர்த்தம்" என்றார் டீக்கடைக்காரர்.

அன்றைக்கே கடை பெஞ்சில் ஆளுக்கொரு ஆலையைக் கட்டி முடித்துவிட்டார்கள். ஒருவர் பேட்டரிக் கம்பெனி என்றார். இன்னொருவர் பீர் கம்பெனி என்றார். அவர் முகத்தில் கவலையே இல்லை. "தோல் ஷாப்பா இருந்தா?" என்று ஒருவர் கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. தோல் பதனிடுகிற இடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கிணற்றுத் தண்ணீர் காவி நிறத்தில் நுரைத்துக் கிடப்பதைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் அந்த பெஞ்சில் பாதிப்பேர்.

எனக்கும் அந்தப் பயம்தான். எழுபது சென்ட் மல்லிகை, அதற்கு ஒரு கிணறு. கிணறும் எனக்கு மட்டும் சொந்தமில்லை. எனக்கும், பெரியப்பா மகனான அண்ணனுக்கும், சின்னம்மாவுக்கும் சேர்த்து மூன்று பங்கு. ஆளுக்கொரு நாள் முறை. காலை ஆறு மணிக்கு ஒருவர் முறை முடிந்து அடுத்தவர் முறை தொடங்கும். இருபத்து நான்கு மணி நேரம் என்று பேர்தானே தவிர, யாரும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் மோட்டார் ஓட்டியதில்லை. அதற்குள் தண்ணீர் கீழே போய்விடும். நிறுத்திவிட்டு வந்தால், ஊற்று மெல்லச் சுரந்து மறுநாள் காலைக்குள் அடுத்தவருக்கு ஏறியிருக்கும். இதை எந்தத் தாளிலும் யாரும் எழுதி வைத்ததில்லை. எழுத வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அடுத்த மாதம் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். எல்லோருக்கும் மிக்சரும் டீயும். கம்பெனி மேனேஜர் கோயம்புத்தூர் பக்கத்து ஆள். நாற்பது வயதிருக்கும், நல்ல தொந்தி, பேச்சில் வரிக்கு ஒரு 'ங்க'. அவர் செய்யப்போவது பரோட்டா என்றார். மாவு பிசைந்து, தட்டி, அரைவேக்காட்டில் உறைய வைத்துப் பாக்கெட்டில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புவார்களாம்.

மண்டபம் சிரித்தது. "நம்ம ஊர்ல கல்லுலருந்து எடுத்துச் செத்த நேரம் ஆனாலே ஆறிப்போச்சுன்னு திருப்பிக் குடுப்பாய்ங்க. இத எவன் திம்பான்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"துபாயில திங்கறாங்களுங்க" என்றார் மேனேஜர், கோபப்படாமல். அவர் எதற்கும் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

சின்னம்மா எழுந்தார். என் சித்தப்பா போன பிறகு தனியாகக் காட்டு விவசாயம் பார்ப்பவர். பேச்சில் அரிவாள்மணை. "பரோட்டா சுடு, போண்டா சுடு, எங்களுக்கென்ன. மாவு பிசைய, அண்டா கழுவத் தண்ணிக்கு என்ன பண்ணுவ? போர் போட்டு உறிஞ்சிருவியா?"

"ஒரு போர்கூடப் போட மாட்டோமுங்க, அம்மா."

"எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தார். கம்பெனித் தாளில், முத்திரையோடு: ஆலை வளாகத்தில் ஆழ்துளைக் கிணறு எதுவும் அமைக்கப்பட மாட்டாது. புகை வராது, கழிவுநீர் வெளியே விடப்படாது என்றும் சேர்த்து எழுதினார். அதைப் படம் எடுத்து ஊரே கைப்பேசியில் வைத்துக்கொண்டது. வெளியே வரும்போது சின்னம்மா மட்டும் சொன்னார்: "கேட்டதும் எழுதிக் குடுக்குறான் பாரு. நம்ம வேற எதையோ கேட்டுருக்கணும்."

எதை என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அண்ணன் தன் இரண்டு ஏக்கரைக் கொடுக்க ஒப்புக்கொண்டார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான், அண்ணனுக்கு முழங்கால் வலி. நான் ஒரு வார்த்தையும் தடுத்துச் சொல்லவில்லை. சாட்சிக் கையெழுத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டார். "நீயே வா தம்பி. ஒங் காடு பக்கத்துல இருக்கு. பின்னாடி எதுவும் சொல்லக்கூடாது பாரு."

நான் சும்மா போகவில்லை. பத்திரத்துக்கு முந்தின வாரம் சர்வேயரோடு கூடவே நடந்தேன். என் வரப்பில் ஒரு சாண் அந்தப் பக்கம் போய்விடக்கூடாது என்பதுதான் என் கவலையெல்லாம். பங்காளிகளோடு எங்கள் பக்கம் நடக்கிற சண்டையில் முக்கால்வாசி வரப்புச் சண்டை. அந்தப் பழக்கத்தில் நான் சங்கிலியின் நுனியை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தேன். கல் நட்ட இடத்திலெல்லாம் சுண்ணாம்பு அடித்து வைத்தேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தர் பத்திரத்தை வாசித்தபோது, நான்கெல்லையை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். "வடக்கே யாரு? சரி. கிழக்கே? ம், சரி." மேனேஜர் பொறுமையாக நின்றார்.

அதற்குப் பிறகு எழுத்தர் வழக்கமான மிச்சத்தை ஒரே மூச்சில் படித்தார். மேற்படி நிலத்தைச் சேர்ந்த மாவடை மரவடை, வண்டிப்பாதை பாத்தியம், பொதுக் கிணற்றில் மூன்றில் ஒரு பாகமும் அதில் முறைப்படி தண்ணீர் எடுத்துக்கொள்ளும் பாத்தியமும் உள்பட. எங்கள் பக்கத்துக் காட்டுப் பத்திரம் எதை எடுத்தாலும் இந்த வரி இருக்கும். காதில் விழுந்தது. கோயிலில் ஐயர் மந்திரம் சொல்வதுபோல விழுந்தது. மந்திரத்துக்கு யாராவது அர்த்தம் கேட்பார்களா? நானும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். அண்ணன் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

சுற்றுச்சுவர் எழும்பியது, தகரக் கூரை ஏறியது. ஆலைக்கென்று ஒரு மோட்டாரும் வரவில்லை, போர் வண்டியும் வரவில்லை. ஊர் கொஞ்சம் கொஞ்சமாக நம்பத் தொடங்கியது. நான் மட்டும் வாரத்துக்கு ஒரு தடவையாவது சுவர் ஓரமாகப் போய்ச் சுண்ணாம்பு அடித்த கற்களைப் பார்த்துவிட்டு வருவேன். ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

மாசி மாதம் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வண்டிப்பாதையில் ஒரு தண்ணீர் லாரி வந்தது. பூ பறித்துக்கொண்டிருந்த என் மனைவிதான் முதலில் பார்த்தார். "ஏங்க, லாரி நம்ம கெணத்துக்குல்ல போகுது."

போய்ப் பார்த்தால், லாரியிலிருந்து தடித்த குழாயைக் கிணற்றுக்குள் இறக்கி, லாரியிலேயே இருந்த டீசல் எஞ்சினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் பழைய மோட்டாரைத் தொடக்கூட இல்லை. விவசாயத்துக்குக் கொடுத்த மின்சாரத்தை ஆலைக்கு எடுத்தால் வழக்கு என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் கத்திய கத்தலுக்கு ஓட்டுநர் கைப்பேசியை எடுத்தார். கால் மணி நேரத்தில் மேனேஜர் வந்தார், கையில் பத்திர நகலோடு.

"இன்னைக்கு எங்க முறைங்க" என்றார்.

"எது ஒங்க முறை?"

"உங்க அண்ணனோட முறை இப்ப எங்களுதுங்க. இதுலயே இருக்குதுங்களே. நாங்க போர் போடலீங்க. சொன்ன சொல் காப்பாத்திட்டுத்தான் இருக்கறோமுங்க." தாளைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். "சாட்சிக் கையெழுத்து உங்களுதுதானுங்களே?"

என்னுடையதுதான். அழகாகவே போட்டிருந்தேன்.

அன்று நாள் முழுக்க லாரி வந்து போனது. அடித்தார்கள், நிறுத்தினார்கள், ஊறியதும் மறுபடி அடித்தார்கள். மறுநாள் என் முறை. மோட்டார் போட்ட கால் மணி நேரத்தில் குழாய் காற்றை இழுத்தது. மார்கழியில் கவாத்து வெட்டி, இப்போதுதான் துளிர்த்து மொட்டுக் கட்டுகிற செடிகள். இந்த இரண்டு மாதம் தண்ணீர் இல்லையென்றால் அந்த வருஷம் பூ இல்லை. மூன்று சுற்று முறை இப்படியே போனதும், கடைசி இரண்டு வரிசையில் மொட்டுகள் சுண்டிப்போய் உதிர்ந்தன. மனைவி அதை மடியில் அள்ளிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் கொட்டினார்.

சின்னம்மாதான் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினார். "ஏலே, வரப்பச் சாண் சாணா அளந்தியே, கெணத்த அளந்தியா? களவாணி கூரையப் பிரிச்சு வருவான்னு மேலயே பாத்துக்கிட்டு இருந்துருக்க. அவன் ஒன்கிட்டயே சாவிய வாங்கித் தெறந்துக்கிட்டு வந்துட்டான்." அண்ணனையும் விடவில்லை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "எழுதுனவன் எழுதுனான், வாசிச்சவன் வாசிச்சான். நான் என்னத்தக் கண்டேன் சின்னம்மா" என்றார். அவர் கண்டிருக்க மாட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சில நாள் அப்படி நினைக்க முடிவதில்லை.

திண்டுக்கல்லில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். விவசாயக் கிணற்றுப் பாத்தியத்தை ஆலைக்கு லாரியில் ஏற்றலாமா என்று வழக்குப் போடலாம் என்றார். "ஜெயிக்கக்கூட வாய்ப்பிருக்கு. மல்லிகை அதுவரைக்கும் காத்திருக்குமான்னு நீங்கதான் சொல்லணும்."

வழி கண்டுபிடித்தது சின்னம்மா. பங்குனியில் கிணற்றைத் தூர் எடுப்பது எங்கள் வழக்கம். பங்குதாரர் வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் உள்ளே இறங்கவேண்டும். கூலியாள் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வீட்டாள் இல்லாமல் கூலியாள் மட்டும் செல்லாது. இறங்காத வீட்டுக்கு, இறங்குகிற வரைக்கும் முறை கிடையாது. சின்னம்மா நேரே ஆலை வாசலுக்குப் போய், வெள்ளிக்கிழமை தூர் எடுக்கிறோம், ஆள் அனுப்பு என்று சொல்லிவிட்டு வந்தார்.

கம்பெனி நான்கு கூலியாட்களை அனுப்பியது. சின்னம்மா அவர்களுக்கு மோர் கொடுத்து நிழலில் உட்காரவைத்துவிட்டு, மேனேஜரைக் கூப்பிட்டனுப்பினார். "கூலிக்காரன் எறங்குனா கூலி குடுப்போம். பங்குக்காரன் எறங்குனாத்தான் முறை குடுப்போம். ஒன் கம்பெனிக்கு வீட்டாளு யாரு?"

"எம்.டி. சென்னையில இருக்காருங்கம்மா."

"வரச் சொல்லு. வேட்டி நான் தாரேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்கு நானும் சின்னம்மா வீட்டுக்கு அவர் மருமகனும் ஏற்கெனவே சேற்றில் நின்றுகொண்டிருந்தோம். மேனேஜர் பத்திர நகலைப் புரட்டினார். 'முறைப்படி' என்ற வார்த்தையில் விரல் நின்றதை மேலே நின்றவர்கள் பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். என்ன நினைத்தாரோ, ஷூவைக் கழற்றினார். பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகளில், முகத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு சாமியைக் கூப்பிட்டு இறங்கினார். அடியில் பாறை வெடிப்பில் ஊற்று கசிகிற இடத்தைக் காட்டினேன். சுண்டுவிரல் பருமன்.

"இவ்வளவுதானுங்களா?" என்றார்.

"இம்புட்டுத்தான்."

செத்த நேரம் அதையே பார்த்தார். பிறகு கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார். எங்கள் மேல் இரக்கப்பட்டுப் பிடித்தாரா, கணக்குக்குப் பிடித்தாரா என்று சேற்றில் நின்றபடி யோசித்தேன். இரண்டு கூடை சேறு அள்ளிக் கொடுத்துவிட்டுத்தான் ஏறினார். அதை மறைக்கக்கூடாது.

அடுத்த வாரம் அவராகவே ஒரு ஒப்பந்தத்தோடு வந்தார். கம்பெனி தன் முறை நாளில் மூன்று மணி நேரம் மட்டும் தண்ணீர் எடுக்கும் என்று இருந்தது. நானும் சின்னம்மாவும் அதை மூன்று நாள் வைத்துப் படித்தோம். பேருந்தில் பார்த்த வாத்தியார் ஒருவரிடமும் படிக்கக் கொடுத்தோம். ஒளிந்துகொண்டிருக்கிற வரி எதுவும் அகப்படவில்லை. அகப்படாததே சின்னம்மாவுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. "மூணு மணி நேரம் போதும்கிறானே, அப்ப மிச்சத்துக்கு எங்க போவான்?"

கையெழுத்துப் போட்டோம். மல்லிகை தேறியது.

மிச்சத்துக்கு எங்கே போவான் என்பது சித்திரையில் தெரிந்தது. எங்களுக்குக் கிழக்கே நாலு பங்குக் கிணறு ஒன்று. அதில் ஒரு பங்குக்காரர் தன் காட்டைக் கம்பெனிக்குக் கொடுக்கிறார் என்று பூ மார்க்கெட்டில் கேள்விப்பட்டேன். அவர் எனக்குத் தெரிந்தவர். பக்கத்துப் பக்கத்துத் தராசில் பூப் போடுகிறவர்கள் நாங்கள். மறுநாளே அவர் வீட்டுக்குப் போய், விற்பது உங்கள் இஷ்டம், ஆனால் பத்திரத்தில் கிணற்றுப் பாகத்தை மட்டும் சேர்க்காதீர்கள் என்றேன். நடந்த கதையையும் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "கெணத்துப் பாகம் இல்லாத காட்ட அவன் எதுக்கு வாங்கப் போறான்? விக்கவிடாமப் பண்ணிட்டு, கொறஞ்ச வெலைக்கு நீங்க வாங்கலாம்னு பாக்குறீங்களா?"

"ஐயோ, இல்லண்ணே."

"ஒங்களுக்கு மட்டும் மூணு மணி நேரம்னு எழுதிக் குடுத்துருக்கான். மத்தவன் கெணத்த அவனுக்குக் காட்டி விட்டது யாரு?"

நான் காட்டவில்லை என்றேன். அவர் டீ கொடுத்தார், நானும் குடித்தேன், ஆனால் அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். பத்திரம் முடிந்ததாகப் பத்து நாளில் செய்தி வந்தது.

இப்போது கம்பெனியின் முறை நாளில் காலை ஆறு மணிக்குக் கிணற்றுமேட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். ஒன்பது மணிக்குக் கையைக் காட்டினால் ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிடுகிறார். தகராறு எதுவும் இல்லை. குழாயைச் சுருட்டி மாட்டிக்கொண்டு, நிரம்பாத தொட்டியோடு லாரி கிழக்குப் பார்த்துத் திரும்புகிறது.