புலிப்பல் வைத்த சுறா

என் மேசை இழுப்பறையில் ஒரு ஸ்லைடு கிடக்கிறது. வெள்ளை அட்டைச் சட்டம் போட்ட, தீப்பெட்டி அளவே உள்ள ஃபிலிம். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நீலத் தண்ணீரில் ஒரு சுறா தெரியும். வாய் மூடியிருக்கும். முதுகுத் துடுப்பின் நுனியில் யாரோ கிள்ளியெடுத்தது போல ஒரு வெட்டு. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அதை எடுத்தவர் என் தாய்மாமா. விருதுநகரில் பருப்புக்கடைக் குடும்பம். கடையில் உட்காரப் பிடிக்காமல் மாலத்தீவில் ஒரு விடுதிக்கு வேலைக்குப் போனார். கடலுக்குள் முக்குளிக்க வருகிறவர்களுக்குக் காற்று சிலிண்டர் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் தானும் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினார். விடுதிக்கு வந்த ஒருவர் விட்டுப்போன பழைய கேமராவும், அதற்குத் தண்ணீர் புகாத கூடும் அவருக்குக் கிடைத்தன. சுறாவைத் துரத்தினால் படம் கிடைக்காது என்பார். மணலில் முழங்காலிட்டு, மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டுமாம். நாம் விடும் காற்றுக்குமிழியின் சத்தத்துக்கே அது விலகிப் போய்விடுமாம். அவ்வளவு ஆழத்தில் சிவப்பு நிறமே கண்ணுக்குத் தெரியாது என்றும் சொல்வார்.

அவர் விடுப்பில் வந்திருந்தபோது, சுறாவுக்குப் பக்கத்தில் போகிற இந்தச் சங்கதி மாமிக்குத் தெரிந்துவிட்டது. மாமி பாஸ்போர்ட்டை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். மாமா ஸ்லைடோடு என்னிடம் வந்தார். நான் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் படம் திருத்துபவன். எதையும் சேர்க்காமல் பெரிதாக ஒரு பிரதி போட்டுக் கொடுக்கச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். மாமி வெகுநேரம் பார்த்துவிட்டு, நம் வீட்டுப் பூனையைவிடச் சாதுவாக இருக்கிறதே என்று சிரித்தாராம். பீரோ திறந்தது.

அதோடு விட்டிருக்கலாம். அச்சகத்துக்குள் வந்த படம் அச்சகத்துக்கே சொந்தம் என்பது எங்கள் ஊர் வழக்கம். யாரும் யாரையும் கேட்பதில்லை. முதலாளி ஸ்லைடைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பட்டாசுப் பெட்டி லேபிளுக்கு அந்தச் சுறாவைப் போடச் சொன்னார். மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்றேன்.

"வாயை மூடிக்கிட்டுப் போற மீனை எவன்யா வாங்குவான்? பல்லு வைய்யா. சீசன் நேரத்துல மாமா மச்சான்னுக்கிட்டு."

என்னிடம் சுறாப்பல் ஏது? பழைய லேபிள் ஒன்றில் புலி இருந்தது. அதன் பல்லை எடுத்துச் சுறாவின் வாயைத் திறந்து வைத்தேன். தண்ணீரில் ரத்தமும் கலந்தேன். நன்றாக வந்திருக்கிறதே என்று நானே ரசித்தேன். அந்தக் கையை உடைக்க வேண்டும்.

புது லேபிள் ஒட்டிய முதல் பெட்டிகளைப் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் அச்சக ஆட்களுக்கு அனுப்பிவைப்பார்கள். எனக்கு வந்த பெட்டியை, புத்தி கெட்டுப்போய், மாமா வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோனேன். மாமா கிளம்ப ஒரு வாரம்தான் இருந்தது. துடுப்பில் இருந்த வெட்டை வைத்தே மாமி கண்டுபிடித்துவிட்டார். பெட்டியையும் என் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மாமாவிடம் திரும்பினார்.

"பல்லை எடுத்துட்டுத்தானே எங்கிட்டக் காட்டினீக? உங்க மருமகனுக்கு இதானே வேலை."

பல்லை வைத்தவன் நான், அது புலியின் பல் என்று தலையில் அடித்துச் சொன்னேன். மாமாவைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்றார் மாமி. அசல் ஸ்லைடைக் காட்டினால் நம்புவார் என்று அச்சகத்துக்கு ஓடினேன். எங்கே கிடக்கிறதோ, சீசன் முடியட்டும், தேடலாம் என்றார் முதலாளி. நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. தினமும் கேட்டேன். விமானத்துக்கான நாளும் போனது. பூட்டிய பாஸ்போர்ட் பூட்டியதுதான். மாமா பருப்புக்கடையில் உட்கார்ந்தார்.

போன வருஷம் அச்சகத்தை இடம் மாற்றியபோது ஸ்லைடு கிடைத்தது. முதலாளி மேசையின் மேல் இழுப்பறையில், உட்கார்ந்தபடியே கை எட்டும் இடத்தில் இருந்திருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அப்படியே கடைக்குக் கொண்டுபோனேன். மாமா அதைத் தெரு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாமியிடம் இன்றைக்கே காட்டிவிட வேண்டும் என்று நான் குதித்தேன். மாமா ஸ்லைடைத் துடைத்து என் சட்டைப்பையிலேயே போட்டார்.

"காட்டிராதேலே. என் உசிரைக் காப்பாத்திட்டோம்னு இம்புட்டு வருஷமா நெனச்சுக்கிட்டு இருக்கா."

என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை. அதற்குப் பிறகு ஸ்லைடு என் இழுப்பறையில்தான் இருக்கிறது. இந்த சீசனுக்கும் அதே லேபிளுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. ரத்தத்தின் சிவப்பைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார் முதலாளி. இழுப்பறையை மூடிவிட்டுக் கூட்டிக்கொடுத்தேன்.