காற்றுக் கூடாரமும் ஒட்டுப்பாலும்

காலை ஏழு மணி. கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் கூடாரமே மூஞ்சியில் விழுந்து என்னை எழுப்புகிறது. காற்றடித்து நிறுத்தும் கூடாரம். நேற்று ஐந்தே நிமிடத்தில் அது எழுந்து நின்றபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது. ஆனால் அதை மரத்தோடு ஒட்டி நிறுத்தியிருக்கிறேன். பால் வடியும் சிரட்டையைத் தாங்கும் கம்பி, காற்றுக் குழாயைக் குத்திவிட்டது. ஓட்டை அடைக்கும் சாமான்களை, கூடாரமே பெரும் சுமை என்று வீட்டில் விட்டுவந்த புத்திசாலி நான்.

பால்வெட்ட வந்த அக்கா ஒருவர் கத்தியோடு நின்று சிரிக்கிறார்.

"என்னாங்க சார், வீடு படுத்துக்கிச்சு?"

"காத்துப் போயிட்டுது அக்கா. பின்னேரம் மழையும் வரும் போல."

மரத்தின் வெட்டில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை நாடாபோல உரிக்கிறார். புதிதாக வெட்டி, வழியும் பாலை விரலால் ஓட்டையில் தடவுகிறார். மேலே நாடாவை இறுக்கிச் சுற்றுகிறார்.

"காயட்டுங்க. இந்த வரிசைய முடிச்சிட்டு வாறேன்."

திரும்பி வந்து அமுக்கிப் பார்க்கிறார்.

"இப்ப அடிங்க. முழுசா வேணாம்."

அடிக்கிறேன். சற்றே கூன்போட்டபடி கூடாரம் எழுந்து நிற்கிறது. கைகூப்புகிறேன். அவர் அடுத்த வரிசைக்குப் போய், மரங்களுக்கு நடுவிலிருந்து சத்தம் போடுகிறார்.

"சார், மறுபடி ஓட்டையானா காலையிலயே ஆகணுங்க! வெயில் ஏறிட்டா மரம் பால் தராது!"