கொலைகாரன் சிக்கக் கூடாது

ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் உடைக்கிற மிஷினில் நிற்கிறவன் நான். என்கூட ஐஸ் சுமக்கிறவர் செபமாலை. எழுதப் படிக்கத் தெரியாது. லேசில் கலங்காத ஆள். பெண்டாட்டியைப் புதைத்த மறுநாளே வேலைக்கு வந்து நின்றவர். அவரையே ஆட்டிவிட்டது மகன் செம்மல் விசயம். விசைப்படகில் போனவனை எல்லை தாண்டினான் என்று அந்தப் பக்கத்து நேவி பிடித்துவிட்டது. கூடப் போனவர்களை விட்டாச்சு. இவன் ஏற்கெனவே ஒருதரம் பிடிபட்டவன், அதனால் ஜெயில்.

வாரம் ஒருதரம் போனில் பேச விடுவார்கள். போகப் போக அவன் பேச்சே மாறிப்போனது.

"சோறு எறங்கலப்பா. எதுக்கு உசுரோட இருக்கணும்னு தோணுது."

இவர் மாதா படத்தின் முன்னால் அழாத நாளில்லை. அப்புறம் ஒருதரம் அவனாகக் கேட்டான்.

"என் கட்டிலுக்கடியில ஒரு துப்பறியும் நாவல் கெடக்கும். பாதிதான் படிச்சேன். யாருப்பா கொலைகாரன்?"

மறுநாளே புத்தகத்தோடு வந்துவிட்டார். மாசாமாசம் ஒரே துப்பறிவாளர் வந்து துப்புத் துலக்குவாரே, அந்த வகை. கொடைக்கானல் பங்களாவில் ஒரு எஸ்டேட் முதலாளி செத்துக் கிடக்கிறார். நான் ஆறாவதோடு நின்றவன். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன்.

"மொதல்ல கடைசிப் பக்கத்தைப் படிங்க தம்பி."

"லூசாண்ணே நீங்க? அதைச் சொல்லிப்புட்டா அடுத்த வாரம் அவன் எதுக்குக் கூப்பிடுவான்?"

புத்தகத்தை மூடிவிட்டார். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு அத்தியாயம்தான். நான் வாசிப்பேன், அவர் மனப்பாடம் பண்ணிப் போனில் சொல்லுவார். "சமையக்காரிதான்ப்பா, பந்தயம்!" என்று செம்மல் சண்டைக்கு வந்தான். சாப்பிடுகிறேன் என்றான்.

ஆனால் புத்தகம் கரைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் கடைசி அத்தியாயத்தையும் அவருக்கு வாசித்தாச்சு. அவனிடம் சொல்ல அது ஒன்றுதான் மிச்சம்.

"இன்னொரு கொலை வையுங்க" என்றார்.

"நான் என்ன எழுத்தாளனா?"

"எம்புள்ள செத்துருவான்யா!"

வைத்தோம். கார் டிரைவரைக் கொன்றோம். பொணத்தை எங்கே ஒளிக்க? எங்களுக்குத் தெரிந்தது ஒரே இடம்தான்.

அந்த வாரம் மிஷினை நிறுத்திவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு உட்கார்ந்தோம்.

"டிரைவரைக் கொன்னு மீன்பெட்டியில வச்சு, மேல நொறுக்கு ஐஸைக் கொட்டி..."

அந்தப் பக்கம் சிரிப்பு. "கொடைக்கானல் பங்களாவுல ஏதுப்பா மீன்பெட்டி?"

நாங்களும் சிரித்துவிட்டோம். அவன் சட்டென்று நிறுத்தினான்.

"அப்ப கதை முடிஞ்சிருச்சு. சின்னப்புள்ளையாட்டம் என்னை ஏமாத்துறீங்க."

"இல்லய்யா..."

"கொலைகாரன் யாரு? இப்பச் சொல்லுங்க. இல்லாட்டி வச்சிருவேன்."

செபமாலை என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். பெற்றவருக்கு அடக்க முடியவில்லை.

"மொதலாளியோட தம்பிய்யா. சொத்துக்காக."

"அம்புட்டுத்தானா?" என்றான். "சரிப்பா. ஒடம்பப் பாத்துக்கங்க."

"வைக்காதய்யா! அவன் சிக்கலய்யா! போலீசைத் தள்ளிவிட்டு ஓடிட்டான், போட்ல ஏறிட்டான், இன்னும் தேடுறாங்கய்யா..."

லைன் அறுந்து வெகுநேரம் ஆகிவிட்டது. அவர் நிறுத்தவில்லை. கொலைகாரனை ஊர் ஊராக ஓடவிட்டுக்கொண்டிருந்தார். வெளியே லாரிக்காரன் ஐஸ் கேட்டு ஹாரன் அடித்தான். எனக்கு மிஷினைப் போடக் கை வரவில்லை.