மைதானப் பலகை

பள்ளியில் சேர்ந்த அன்று உடற்பயிற்சி மாஸ்டர் கேட்ட முதல் கேள்வி, மைதானம் எந்தப் பக்கம் என்பதுதான். தாளாளர் கொஞ்சமும் அசராமல், மேசைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த தகரப் பலகையைக் காட்டினார். பச்சைப் பெயின்டில் வெள்ளை எழுத்தாக 'பள்ளி விளையாட்டு மைதானம்' என்று பளிச்சென்று எழுதியிருந்தது.

"பலகை தயார் மாஸ்டர். இடம்தான் பாக்கி."

மனுஷன் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்து மாஸ்டர் சிரித்து வைத்தார். பாவம், அப்போது புது ஆள்.

பள்ளியின் வரலாற்றை ஆண்டு மலரில் படித்தால் யாருக்கும் கண் கலங்கும். ஒரு தியாகி, ஒரு கனவு, இருளில் ஏற்றிய ஒரு விளக்கு என்று பக்கம் பக்கமாகப் போகும். விளக்கு இருந்தது என்னவோ உண்மை. ஆனால் விற்பனைக்கு இருந்தது. தாளாளர் அந்தக் காலத்தில் மின்விளக்குக் கடை வைத்திருந்தார். கடைக்கு மேல் மாடிக்கு ஆள் குடிவரவில்லை. சும்மா கிடக்கிறதே என்று நாலு பெஞ்சு போட்டு, சம்சாரத்தைத் தலைமையாசிரியை ஆக்கி, பெயர்ப் பலகையில் 'சர்வதேச' என்ற சொல்லையும் சேர்த்துவிட்டார். சர்வதேசத்துக்கு அத்தாட்சியாக வாசலில் ஓர் உலக உருண்டை இருந்தது. அதுவும் கடையில் விற்காமல் தங்கிப்போன சரக்குதான். சுவிட்சைப் போட்டால் எரியும்.

பிள்ளைகள் பெருகினார்கள். கடை போய் வகுப்பறை வந்தது. மாடிக்கு மேல் மாடி வந்தது. கொல்லைப்புறம் ஆய்வுக்கூடம் ஆயிற்று, சைக்கிள் கொட்டகை நூலகம் ஆயிற்று. மைதானத்துக்கு மட்டும் வேளை வரவில்லை.

மாஸ்டருக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் 'விசில்'. அதிலும் ஒரு கொடுமை உண்டு. பக்கத்து வகுப்புகளுக்குத் தொந்தரவு என்று விசில் ஊதக் கூடாது என உத்தரவு. ஆகவே அதைக் கழுத்தில் நகை மாதிரி மாட்டிக்கொண்டு கையைத் தட்டுவார். உடற்பயிற்சியில் கையை மேலே மட்டும்தான் தூக்கலாம். பக்கவாட்டில் நீட்டினால் அடுத்தவன் மூக்கு போய்விடும். ஓட்டப் பயிற்சி மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில். படிக்கட்டில் புறப்பட்டு, கோடியில் இருக்கும் தண்ணீர்க் குழாயைத் தொட்டு, சட்டென்று திரும்பி ஓடி வர வேண்டும். யார் முதலில் படிக்கட்டைத் தொடுகிறாரோ அவருக்கு ஜெயம். இத்தனைக்கும் அவர் வாலிபத்தில் ஓடிப் பரிசு வாங்கியவர். தான் பழக்கிய ஒரு பிள்ளை நிஜமான மண்ணில் ஓடி ஜெயிப்பதை ஓய்வு பெறுவதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவருடைய ஆசையெல்லாம் அவ்வளவுதான்.

ஆய்வுக்கு அதிகாரிகள் வரும்போது மட்டும் பள்ளிக்கு மைதானம் முளைக்கும். அக்கம்பக்கத்தில் எந்த மனை காலியாக இருக்கிறதோ அதன் சொந்தக்காரரைத் தாளாளர் தாஜா பண்ணிவைப்பார். மாஸ்டர் பலகையை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டு போய் ஆணி அடிப்பார். அதிகாரி பலகையைப் படிப்பார், தேநீர் குடிப்பார், கையெழுத்துப் போடுவார். சாயங்காலம் ஆணியைப் பிடுங்க வேண்டும். அடித்த மனைகளிலெல்லாம் பிற்பாடு கட்டடம் எழும்பியது. அப்படி ஒரு ராசி அந்தப் பலகைக்கு.

"ஏங்க, உங்களைப் பாடம் நடத்தக் கூப்பிட்டாங்களா, ஆணி அடிக்கக் கூப்பிட்டாங்களா?" என்று மனைவி கேட்டபோது அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அடுத்த ஆய்வுக்குச் சுத்தியலைத் தேடி எடுத்துக்கொண்டுதான் போனார்.

இப்படி இருக்கும்போதுதான் தையல்காரர் மகள் வந்து சேர்ந்தாள். என்ன ஓட்டம் அது! குழாயைத் தொட்டாளா இல்லையா என்று தெரிவதற்குள் திரும்பி வந்து நிற்பாள். மாஸ்டர் தாளாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி, நகரப் பள்ளிகளுக்கான போட்டியில் அவளைச் சேர்த்தார். தையல்காரர் ராத்திரி பகலாக உட்கார்ந்து புதுச் சட்டையே தைத்துக் கொடுத்துவிட்டார்.

போட்டியன்று எடுத்த எடுப்பிலேயே அவள்தான் முன்னால். மாஸ்டர் நின்ற இடத்திலேயே குதித்தார். தாழ்வாரத்தின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம் ஓடினாள். பிறகு காற்றில் கையை நீட்டி இல்லாத குழாயைத் தொட்டாள். சட்டென்று திரும்பினாள். எதிரே வந்தவர்களுக்கு நடுவே புகுந்து, முன்னிலும் வேகமாக, புறப்பட்ட கோட்டுக்கே வந்து நின்றாள். மைதானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"சார், நான்தானே முதல்ல வந்தேன்?"

முகமெல்லாம் வேர்வையும் சந்தோஷமுமாக அவள் கேட்டதும் மாஸ்டர் கைக்குட்டையை எடுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். ஏன் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. வீடு போய்ச் சேரும்வரை தலையைத் தூக்கவே இல்லை.

மறுநாள் மாஸ்டர் தாளாளர் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தார்.

"நான் புள்ளைங்களுக்கு ஓடக் கத்துக்கொடுக்கல சார். திரும்பத்தான் கத்துக்கொடுத்திருக்கேன். ஒரு மைதானம் கொடுங்க."

தாளாளர் கோபப்படவே இல்லை. பக்கத்து மனையைப் பள்ளி பெயரிலேயே பத்திரம் பண்ணியாயிற்று என்றார். பலகையைக் கொண்டுபோய் அடிக்கச் சொன்னார். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. இரவல் இல்லாத சொந்த மண்ணில் முதல் முறையாக ஆணி இறங்கியது. வீட்டுக்குப் போய்ப் பெருமையாகச் சொன்னார். எதற்கும் ஆய்வு எப்போது என்று விசாரியுங்கள் என்றாள் மனைவி.

விசாரித்தார். ஆய்வு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை அங்கே புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள்.

"மனசைத் தளரவிடாதீங்க மாஸ்டர்," என்றார் தாளாளர், வாஞ்சையாகத் தோளைத் தட்டி. "புதுக் கட்டடத்துல தாழ்வாரம் இன்னும் நீளமா வருது. உங்களுக்காகவே சொல்லிவச்சிருக்கேன்."

வெள்ளிக்கிழமை வந்தது. அதிகாரி பலகையைப் படித்து முடித்து, தேநீருக்குக் கையை நீட்டினார். அப்போது மாஸ்டர் மூன்றாம் மாடியிலிருந்து பிள்ளைகளை வரிசையாக இறக்கி மனைக்குள் கூட்டி வந்தார். வரமாட்டேன் என்று முரண்டு பிடித்த தையல்காரர் மகளையும் கையைப் பிடித்து அழைத்து வந்தார். தாளாளரின் முகம் வெளுத்தது. அதிகாரியை வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். மாஸ்டர் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து, அதன் ஆயுளிலேயே முதல் முறையாக, மூச்சுமுட்ட ஊதினார்.

பிள்ளைகள் பாய்ந்தார்கள். அவள்தான் முன்னால். தாழ்வாரத்தின் நீளம் முடிகிற இடம் வந்தது. அவள் கால் தயங்கியது. கை தானாகக் குழாயைத் தேடி நீண்டது.

"திரும்பாதம்மா! இன்னும் இருக்கு, ஓடு!"

ஓடினாள். கோடிச் சுவர் வரைக்கும் ஓடி, அதில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். அதிகாரி, விளையாட்டில் இந்தப் பள்ளிக்கு உள்ள அக்கறையை வாயாரப் புகழ்ந்து கையெழுத்துப் போட்டார். தாளாளர் மாஸ்டரின் காதருகே குனிந்து, சாயங்காலமே பலகையைக் கழற்றிவிடும்படியும், விடியற்காலையில் செங்கல் லாரி வருவதாகவும் சொன்னார்.

அவள் மூச்சு வாங்க நடந்து வந்தாள். போட்டிக்குப் பிறகு அன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பு.

"சார், நாளைக்கும் இங்கயே ஓடலாமா?"

எத்தனையோ அதிகாரிகளிடம் கூசாமல் பொய் சொன்ன வாய்தான். அவளிடம் வரவில்லை.

"நாளைக்கு இங்க கட்டடம் வருதும்மா. போ, இன்னொரு தடவ ஓடிக்கோ."

அவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு கோட்டில் போய் நின்றாள். மாஸ்டர் மறுபடியும் விசிலை ஊதினார்.